கங்கா காவேரி பிடித்து சப்ராவுக்கு: எட்டு நாள் குறிப்புகள்

முதல் நாள், சனி

கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம்தான். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் மூன்று மணிக்கே சென்ட்ரலுக்கு வந்துவிட்டேன். எதிரே ஜி.எச். மதில் ஓரமாக டீ குடித்துக்கொண்டே இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

போகிற இடம் பீகாரில் சாரண் மாவட்டம், சப்ரா பக்கம். சுற்றுலா என்று சொல்ல முடியாது. நான் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். என்னிடம் ஐந்து வருஷமாகப் பூச்சு வேலை செய்யும் பையன் ஒருவன் ஊருக்கு வரச்சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கை மட்டும் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அவன் பூசிய சுவரில் மட்டப்பலகை வைத்தால் நடுவில் ஒரு தாள் நுழையாது.

போன வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சைட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டு என்றார்கள். ஊசி, மாத்திரை, குளுக்கோஸ். ஒரு வாரம் கழித்து வேறு ஊசி. மூன்றாவது வாரம் பையன் உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம், வயிறு மட்டும் இடது பக்கம் உப்பியிருந்தது. பணமும் கரைந்தது. கடைசியில் ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா அவனைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருப்பா நீ?" சப்ரா என்றான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு பட்டையில் விட்டார்கள். கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிட்டது. காலா அசார், அதாவது மண்ணீரலை வீங்கவைக்கும் கருங்காய்ச்சல்.

மருந்து அவன் மாவட்டத்திலேயே இலவசம், ஒரே நாளில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டான். நான் மூவாயிரம் ரூபாய் கையில் கொடுத்து இதே ரயிலில் ஏற்றிவிட்டேன். முன்பதிவில்லாத பெட்டி. நாற்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். கூட ஒரு ஆளை அனுப்பலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிழைத்துத் திரும்பி வந்து பழையபடி பூச்சு வேலை பார்க்கிறான். இந்தத் தடவை அவன் முன்னாலேயே போய்விட்டான், நான் பின்னால் போகிறேன்.

அவனுக்கு வந்த பிறகு ஒரு வருஷமாக இந்த நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்துவைத்திருக்கிறேன். எதிரே தெரிகிறதே இந்த ஜி.எச்., 1903ல் இங்கேதான் சார்லஸ் டோனவன் என்ற டாக்டர், வீங்கிய மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் இந்த நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியைப் பார்த்தார். அதே சமயம் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன், கல்கத்தா பக்கம் டம்டம்மில் இருந்து நோயோடு திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதையே பார்த்திருந்தார். யார் முதல் என்று சண்டை வராமல் இருக்க, மலேரியா ஆராய்ச்சிக்குப் பேர்போன ரொனால்ட் ராஸ் இரண்டு பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்துவிட்டார். டோனவனின் நோயாளிகள் சென்னைவாசிகள். அப்போது இந்த நோய் இந்த ஊரிலும் இருந்தது. டோனவனுக்குப் பட்டாம்பூச்சிகள் மேல் தனி ஆசை. அப்படிப்பட்டவர், நோயைப் பரப்புவது எந்தப் பூச்சி என்பதில் கோட்டைவிட்டார். மூட்டைப்பூச்சியின் உறவான ஒன்றைச் சந்தேகப்பட்டு வருஷக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தார்.

ரயில் நடைமேடைக்கு வந்துவிட்டதாம். அப்புறம் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு

விஜயவாடா தூக்கத்தில் போனது. இன்று முழுக்க ஜன்னல்தான். பெட்டியில் என்னைத் தவிர எல்லாரும் ஊருக்குப் போகிறவர்கள். ஹோலிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், கோயம்பேடு என்று ஒவ்வொருவர் வாயிலிருந்தும் நம் ஊர்ப் பெயர்களாக வருகின்றன. எதிர் சீட்டுக்காரர் சத்து என்கிற வறுத்த கடலை மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். நான் கொண்டுவந்த புளியோதரையை வாங்கி, மோந்து பார்த்து, மரியாதைக்காக ஒரு வாய் சாப்பிட்டார்.

காலா அசார் தெரியுமா என்று கேட்டேன். "எங்கள் வீட்டிலா? இல்லையே" என்று உடனே மறுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து, இடார்சி தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார். அப்பாவுக்கு வந்ததாம், சின்ன வயதில் தனக்கும் வந்ததாம்.

மூன்றாம் நாள், திங்கள்

பலியா தாண்டியதும் மாஞ்சி பாலம் வருகிறது. கீழே காக்ரா ஆறு. மணல்தான் அதிகம், தண்ணீர் ஒரு ஓரமாகப் போகிறது. பாலம் ஏறியதும் பெட்டியே வாசல் பக்கம் திரண்டது. அக்கரையில் சாரண் மாவட்டம்.

சப்ரா ஸ்டேஷனில் பையன் நின்றுகொண்டிருந்தான். "வாங்க சார், சாப்ட்டீங்களா சார்" என்று தமிழில் ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அதில் ஒரு பெருமை. ஷேர் ஆட்டோவில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பக்கமும் கோதுமை, கடுகு அறுத்த வயல், மாமரங்களில் பூ. வீட்டில் லிட்டி என்கிற சுட்ட மாவுருண்டையும், தொட்டுக்கொள்ளச் சோக்காவும் தயாராக இருந்தன. சுட்ட கத்தரிக்காயில் கடுகெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. மூன்று லிட்டிக்கு மேல் என்னால் முடியவில்லை, ஆஜிக்கு வருத்தம். ஆஜி என்றால் அப்பாவின் அம்மா.

எனக்குப் படுக்கை முற்றத்தில், கயிற்றுக்கட்டிலில்.

நான்காம் நாள், செவ்வாய்

காலையில் முதல் காரியமாகச் சுவரைப் பார்த்தேன். தொழில் புத்தி.

முன்பக்கம் ஒரு அறை செங்கல், அதுவும் பூசாத செங்கல். பின்னால் இரண்டு அறைகள் மண். மூங்கில் தட்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். மேலே கூரை வேய்ந்திருக்கிறது. கட்டியவன் கை மோசமில்லை, ஆனால் மண் காய்ந்தால் வெடிக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை விரல் நுழைகிற பிளவுகள். உள்ளே கை வைத்தால் சில்லென்று ஈரம். அறையில் ஜன்னல் இல்லை, கையகலத்துக்கு ஒரு ஓட்டை மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் எருமையும் கன்றும். வாசலில் வறட்டி அடுக்கு. கொல்லையில் வாழை, எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண்.

இந்தப் பட்டியலைக் காலா அசார் பற்றிய ஏதாவது கையேட்டில் ஏற்கெனவே படித்திருப்பேன். ஆனால் மண்ணீரல் வீங்கிப்போய் என் சைட்டில் படுத்திருந்தவன் பிறந்து வளர்ந்த அறையில் நின்று பார்க்கும்போது அது பட்டியலாகத் தெரியவில்லை.

பரப்புகிறது மணல் ஈ. இங்கே பாலு மக்கி என்கிறார்கள். பெயரில் ஈ இருந்தாலும் பார்க்கக் கொசு மாதிரிதான், ஆனால் கொசுவைவிட ரொம்பச் சின்னது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. கொசுவைப் போல இதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டியதில்லை. சாணமும் மக்கிய இலையும் கலந்த ஈர மண் போதும், அதில் முட்டையிடும். ரீங்காரம் கிடையாது. நன்றாகப் பறக்கவும் தெரியாது, சுவரோடு சுவராகத் தத்தித் தத்திப் போகும். பகலெல்லாம் இருட்டுப் பிளவில் ஒண்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். எருமை ரத்தமும் குடிக்கும், ஆள் ரத்தமும் குடிக்கும். எருமைக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் நாட்டு காலா அசார் ஆளிடமிருந்து ஈக்கு, ஈயிடமிருந்து ஆளுக்கு, அவ்வளவுதான். நடுவில் வேறு விலங்கு கிடையாது.

அதனால்தான் நோய் ஊர் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு டோலாவில், அதாவது ஊருக்குள் ஒரு குடியிருப்பில், நாலு வீட்டில் இருக்கும், அடுத்த டோலாவில் ஒருவருக்கும் இருக்காது. பூசிய சுவரும் சிமெண்ட் தரையும் உள்ள பெரிய வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம், "அது அந்தப் பக்கத்து வியாதி" என்றார். அந்தப் பக்கம் என்று அவர் கை காட்டியது நூறடி தூரத்தை.

மத்தியானம் ஊர்க்கடைசியில் முசஹர் என்கிற தலித் சமூகத்தார் இருக்கும் டோலாவுக்கு ஆஷா தீதியோடு போனேன். ஆஷா என்றால் ஊர்ச் சுகாதாரப் பணியாளர், எல்லாருக்கும் தீதி. வீட்டுக்குள் போகக் குனிந்து, இன்னும் குனிந்து போகவேண்டியிருந்தது. பகல் 1 மணிக்கு உள்ளே கும்மிருட்டு. ஆடு உள்ளேயே கட்டியிருந்தது. நிலம் கிடையாது, கூலி வேலைதான். ஒரு வீட்டில் ஒரே வருஷத்தில் மூன்று பேருக்கு வந்ததாம். தீதி கேட்கிற கேள்வி எல்லா வாசலிலும் ஒன்றே: "பதினைந்து நாளுக்கு மேல் யாருக்காவது காய்ச்சல் உண்டா?" வேறெதுவும் கேட்பதில்லை. பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடுகிறார்.

ராத்திரி பையனின் அப்பா தன் கதையைச் சொன்னார். 1990களில் அவருக்கு வந்தபோது தினமும் ஊசி. ஆண்டிமனி உப்பு கலந்த மருந்து, தொடையில் மாற்றி மாற்றி, ஒரு மாசம். முதலில் பை டாக்டர் பார்த்தார். தோளில் பையை மாட்டிக்கொண்டு வருகிற, படிப்பில்லாத டாக்டரை இங்கே ஜோலா சாப் என்கிறார்கள். அவர் பாதி ஊசி போட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்றார். திரும்ப வந்தது. முசஃபர்பூர் பக்கம் அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு மேல் அந்த மருந்தே வேலை செய்யாமல் போய்விட்டது என்று படித்திருக்கிறேன். இப்படி அரைகுறையாக ஊசி போட்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எருமையை விற்றோம், நிலத்தை அடகு வைத்தோம் என்றார். பையனுக்குப் போன வருஷம் ஒரே ஒரு பாட்டில், சில மணி நேரம் ஏற்றினார்கள், மறுநாள் வீடு. கொழுப்பு உறையில் பொதிந்த ஆம்போடெரிசின் மருந்து. "என் முப்பது நாளை இவன் ஒரு நாளில் முடித்துவிட்டான்" என்று சிரித்தார். கூலி போனதற்கு ஈடாக அரசு 7,100 ரூபாயும் கொடுத்ததாம்.

ஐந்தாம் நாள், புதன்

நேற்று ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். கொசுவலை கட்டினால் போதாதா என்று எனக்கும் தோன்றியது, தீதியிடம் கேட்டேன். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இது நுழைந்துவிடும் என்றார். மருந்து தோய்த்த வலையை வைத்து இந்தியாவிலும் நேபாளத்திலும் பெரிய ஆய்வே நடத்தினார்கள், தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. வெயில் காலத்தில் யார் உள்ளே படுக்கிறார்கள்? நானே முற்றத்தில்தானே படுத்திருக்கிறேன்.

இன்று டோலாவுக்கு மருந்தடிக்கும் குழு வந்தது. ஆறு பேர், முதுகில் பம்பு. வருஷத்தில் இரண்டு சுற்று. முன்பெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். ஈ அதற்குப் பழகிவிட்டதால் சில வருஷங்களாக ஆல்ஃபா சைபர்மெத்ரின். அடிக்கிறதை நின்று வேடிக்கை பார்த்தேன். பெயிண்ட் வேலைக்கு நான் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம்தான்: நாசில் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், கை வேகம் மாறக்கூடாது. முதல் ஆள் அருமையாக அடித்தான். மூன்றாவது ஆளை என் சைட்டில் அரைநாள் சம்பளம் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

தரையிலிருந்து ஆறடி உயரம் வரைதான் அடிக்கிறார்கள். அதற்கு மேலே ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். இந்தப் பூச்சிக்கு அவ்வளவு உயரம் போக வேண்டியதில்லை சார் என்றார் குழுத் தலைவர். சரிதான். மாட்டுத் தொழுவத்திலும் அடித்தார்கள்.

எல்லா வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ஒரு அம்மா, சாமி அறையில் கூடாது என்றார். இன்னொருவர், தானியக் குதிர் இருக்கிறது, வேண்டாம் என்றார். மூன்றாவது வீட்டில் ஆள் இருந்தும் பூட்டு தொங்கியது. அடித்தால் முகம் எரிகிறது, மூட்டைப்பூச்சிகூடச் சாகவில்லை என்பது பொதுப் புகார். அடித்து முடித்த வீட்டு வாசலில் தேதியையும் அறைக் கணக்கையும் எழுதிவிட்டுப் போகிறார்கள். போகும்போது தலைவர் சத்தமாகச் சொன்னார்: "மூன்று மாசத்துக்குச் சுவரை மெழுகக் கூடாது!" பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டிய விதத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சாயங்காலம் பையன் டார்ச் அடித்து ஒரு பாலு மக்கியைக் காட்டினான். மருந்தடிக்காத ஒரு தொழுவத்தின் சுவரில். மங்கிய மண் நிறம், உடம்பெல்லாம் முடி, சிறகு இரண்டும் வி மாதிரி மேலே தூக்கி நின்றது. ஊதினேன், ஒரு சாண் தத்திப்போய் உட்கார்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

இந்த இவ்வளவுதானாவை நிரூபிக்க டோனவனுக்குப் பின் நாற்பது வருஷம் ஆனது. ஈ மேல் சந்தேகம் ரொம்ப நாளாகவே இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் நோயாளியின் ரத்தம் குடித்த ஈ, அடுத்த ஆளைக் கடிக்கும் நிலைக்கு வருவதற்குள் செத்துவிடும். கடைசியில் ரத்தம் குடித்த ஈக்கு இனிப்பாக உலர்திராட்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஈயும் பிழைத்தது, ஒட்டுண்ணியும் அதன் வயிற்றில் பெருகியது. 1942ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூன்று பேரும் தாமாக முன்வந்த ஆட்களை அந்த ஈக்களிடம் கடிக்கவிட்டு நோய் வருவதை உறுதிசெய்தார்கள். பாயசத்துக்குப் போடுகிற திராட்சை. இதைச் சொன்னபோது ஆஜி நான் கதைவிடுகிறேன் என்றுதான் நினைத்தார்.

ஆறாம் நாள், வியாழன்

இதை எழுதலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். பையனிடம் கேட்டேன், பெயர் இல்லாமல் எழுதுங்கள் சார் என்றான்.

அவன் பெரியம்மா பக்கத்து வீட்டில் இருக்கிறார். வந்த நாளிலிருந்து முந்தானையை முகம் மறைக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். அந்நிய ஆள் முன் அப்படித்தான் என்று நினைத்தேன். இன்று ஆஷா தீதி வந்து அவரோடு சண்டை போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முகத்தில், தாடையில், கையில் வெளிறிய திட்டுகள். அரிப்பில்லை, வலியில்லை, காய்ச்சல் இல்லை. வயல் வேலைக்குப் போகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். பல வருஷம் முன்னால் காலா அசார் வந்து குணமானவர். குணமான சிலருக்கு, மாசங்கள் அல்லது வருஷங்கள் கழித்துத் தோலில் இப்படி வருகிறது. உள்ளுறுப்புகளில் அழிந்துபோனாலும் ஒட்டுண்ணி தோலில் மிச்சமிருக்கிறது. ஈ வந்து அங்கே ரத்தம் குடித்தால் போதும்.

ஊரில் இதைக் குஷ்டம் என்றே நினைக்கிறார்கள். அதனால்தான் முந்தானை. திட்டில் ஊசியால் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வித்தியாசம், குஷ்டத்தில் மரத்துப்போயிருக்கும். தீதி அதைச் செய்து காட்டியே ஊர்வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார், அடையவில்லை.

மாத்திரை 12 வாரம். மில்டெஃபோசின். சாப்பிட்டால் குமட்டுகிறது, வாந்தி வருகிறது. ஐந்தாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார். "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்காக வாந்தி எடுக்க வேண்டும்?" என்கிறார். நியாயமான கேள்விதான். அவருக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்காகத்தான் அந்த மாத்திரை. அதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது? தீதி சொன்னார், ஆனால் தன் முறையில்: "உன் பேத்தி உன் பக்கத்தில்தானே படுக்கிறாள்?" பெரியம்மா பதில் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து எண்ணினார். விட்ட மருந்தைத் திரும்ப எப்படித் தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகத் தீதி சொன்னார்.

பையனுக்கு வந்தது இவரிடமிருந்துதானா? வீட்டில் எல்லாருக்கும் மனசில் அந்தக் கேள்வி இருக்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை. அது ஈக்கு மட்டும் தெரிந்த கணக்கு. போன ஹோலிக்கு அவன் ஊரில் இருபது நாள் இருந்திருக்கிறான். கடித்து நோய் தெரிய சில மாசங்கள் ஆகும், அதற்குள் சென்னையில் கலவை போட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் தோன்றியது. 1992ல் இந்தியாவில் 77,102 பேருக்கு வந்து 1,419 பேர் இறந்த நோய் இது. 2007லும் 44,533. 2023ல் 600க்கும் கீழே. வட்டார அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது இலக்கு, அதை 2023ல் எட்டிவிட்டார்கள். மூன்று வருஷம் அப்படியே நின்றால்தான் சான்றிதழ் கேட்க முடியும். பங்களாதேஷ் உலகிலேயே முதலாவதாக அதை 2023ல் வாங்கிவிட்டது. இவ்வளவு பெரிய கணக்கு கடைசியில் வந்து நிற்கிற இடம், குமட்டலுக்குப் பயந்து மாத்திரையைத் தகரப் பெட்டியில் போட்டுவைத்த ஒரு பெரியம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் நாள், வெள்ளி

ஊர் சுற்றிப் பார்க்காமல் போகிறீர்களே என்று பையன் மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிவந்தான். கண்டக் ஆற்றைத் தாண்டி வைசாலி. அசோகர் தூண் மேல் ஒற்றைச் சிங்கம், இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் மெருகு போகாமல். கல்லுக்கு அந்தப் பளபளப்பை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். பையன் தடவிப் பார்க்கக் கை நீட்டினான், காவலாளி விசில் அடித்தார்.

வைசாலியில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது ஊரார் புத்தரை அழைத்துவந்ததாகப் பௌத்தர்கள் சொல்வார்கள். 1977ல் காலா அசார் திரும்பப் பெரிதாகக் கிளம்பிய மாவட்டங்களில் வைசாலியும் ஒன்று. 1950களில் மலேரியாவுக்காக வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடித்தபோது, யாரும் குறிவைக்காமலே மணல் ஈயும் அடங்கி, காலா அசார் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. மலேரியா குறைந்ததும் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஈ பழைய சுவருக்கே திரும்பிவிட்டது. தோலில் திட்டோடு யாராவது ஒருவர் அத்தனை வருஷமும் அதற்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

வழியில் ஹாஜிபூர் வாழைப்பழம் வாங்கினோம். நம் ஊர் ஏலக்கியைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல ருசி. திரும்பும்போது தூசியில் கண் எரிந்தது.

எட்டாம் நாள், சனி

நாளை ரயில். பாட்னாவை அடுத்த தானாபூரிலிருந்து சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் ஆர்.ஏ.சி. கிடைத்திருக்கிறது, அது போதும்.

காலையில் எழுந்தபோது பெண்கள் மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோலிக்கு முன் வீட்டை மெழுகியாக வேண்டும். புதன்கிழமை அடித்த மருந்து சுவரில் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. பையனின் அம்மா அதன் மேலேயே சாணமும் மண்ணும் கலந்த சாந்தைக் கையால் வழித்து, அரை வட்டம் அரை வட்டமாக இழுத்துக்கொண்டு வருகிறார். என்ன கை! பையனுக்கு அந்தப் பூச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது.

"சாச்சி, மூன்று மாசம் மெழுகக் கூடாது என்றார்களே" என்றேன். பையன் மொழிபெயர்த்தான். அவர் கையை நிறுத்தாமல் ஏதோ சொன்னார். "பண்டிகைக்கு அழுக்குச் சுவரோட இருந்தா லட்சுமி எப்படி வருவான்னு கேக்கறாங்க சார்." எனக்கென்ன பதில் இருக்கிறது? நம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்காதே என்றால் என் அம்மா கேட்டிருப்பாரா? மருந்தடிக்கிற தேதியை ஹோலிக்கு அடுத்த வாரம் வைத்திருக்கலாம், அதுதான் என் கட்சி. குழுத் தலைவரிடம் சொன்னபோது, தேதி மேலிருந்து வருகிறது என்றார். கடைசியில் ஒரு சமரசம். வெளிச்சுவரும் வாசலும் மெழுகுவது, படுக்கிற அறையின் உள்சுவரையும் தொழுவத்தையும் விட்டுவிடுவது. சாச்சி ஒத்துக்கொண்டார். படுக்கிற அறையில் பாதி ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஆஜி என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தார். "பபுவா, நீ பெரிய பெரிய வீடு கட்டுகிறாயாமே, இந்த அறைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?" அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், எப்போது வருமோ தெரியாது. பக்கத்தில் இரண்டு வீடுகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் பணம் கூரையோடு தீர்ந்துவிட, உள்ளே பூச்சே இல்லை. செங்கல் இணைப்பெல்லாம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஈக்கு அதுவும் வீடுதான்.

ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பத்துக்கு எட்டு அறை, நாலு சுவர், ஆறடி உயரம். 216 சதுர அடி. ஒன்றுக்கு ஆறு கலவை, அரை அங்குலக் கனம். சேதாரம் சேர்த்து இரண்டு மூட்டை. இரண்டே மூட்டை! எங்கள் சைட்டில் மழை பெய்தால் தார்ப்பாய் மூடாமல் அதைவிட அதிகம் கட்டிதட்டிப் போகிறது. விரலால் இரண்டு என்று காட்டினேன். ஆஜி முகம் மலர்ந்தது.

பையன் சிரித்துவிட்டான். "சார், மண் சுவத்துல சிமெண்ட் பூசினா ஒரே மழையில பெயர்ந்துடும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

ஆமாம், நான்தான். டிக்கெட்டில் போட்ட கணக்கை அடித்துவிட்டேன். மண்ணோடு ஒட்டுவது சுண்ணாம்பு. காலா அசார் உள்ள பகுதிகளில் சுண்ணாம்புப் பூச்சால் பிளவுகளை அடைத்து ஈயைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, குழைத்து, தேய்த்துப் பூச நாள்கணக்கில் ஆகும். அந்த வேலை நம் பக்கத்திலேயே காரைக்குடி கொத்தனார்கள் சிலருக்குத்தான் இன்னும் கைவசம். இவனுக்குத் தெரியாது. எனக்கும் ஏட்டுப் படிப்புதான்.

"கத்துக்கலாம் சார்," என்றான். சப்ரா கடைவீதியில் நீற்றாத சுண்ணாம்பு என்ன விலை என்று கேட்டுவர இப்போது கிளம்பிப் போயிருக்கிறான். ஆஜி இன்னும் இரண்டு விரலை மடக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.